பத்து மணிக்கு ஏறாத முள்

சேசு மரி சூசை துணை

சைகோன்
16 நவம்பர் 1997, ஞாயிறு

அன்பு மகள் ஏவ்லினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் பப்பாவும் கை கால் சேதமில்லாமல் இருக்கிறோம், வீட்டுக் கூரையும் இருக்கிறது, கோழியில் மட்டும் இரண்டு குறைகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடி, உள்சட்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன், ஆனால் நம்பவில்லை. புயல் செய்தி கேட்டு நீ கொடுத்த தந்தி வந்தது. "எல்லோரும் சுகம்" என்று நான் பதில் கொடுத்ததும் உனக்கு வந்திருக்கும். தந்தியில் அவ்வளவுதான் அடங்கும், மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், வழக்கம்போல் நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

முதலில் உன் போன கடிதத்துக்கு வருகிறேன், புயலுக்கு முன்னால் எழுதியது. மூன்று பக்கம் காற்றழுத்தம், வெப்பம், ஈரம் என்று எழுதிவிட்டு, நாலாம் பக்கத்துக் கடைசியில், ஏதோ மறந்துபோன சாமானைக் கேட்பது மாதிரி, இரண்டு வரி எழுதியிருந்தாய். பப்பா கையால் ஒரு வரியாவது வந்தால் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவேன், வராவிட்டால் இனி எப்போதும் வருவதாக இல்லை, டிசம்பர் முதல் வாரத்துக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று. நீ பிரான்சுக்கு விமானம் ஏறி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இதுவரை உனக்கு வந்த கடிதம் அத்தனையும் என் கோணல் எழுத்துதான். முத்து முத்தாக எழுதத் தெரிந்தவர் ஒருவர் இதே வீட்டில் சும்மா இருக்கிறார். உன் கடிதம் வந்தால் "உன் மகள் எழுதியிருக்கிறாள்" என்று என்னிடம் நீட்டுவார், நான் உன்னைப் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டு வந்தது போல. நீ பரீட்சையில் முதலாவதாக வந்த அன்று மட்டும் "நம்ம பெண்" ஆனாய். நான் சத்தமாகப் படிக்கும்போது அவர் சுவர்க்கடிகாரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். இந்த ஆறு வருஷத்தில் அந்தக் கடிகாரம் குடித்த எண்ணெயில் நான் ஒரு கல்யாணத்துக்கே வடை சுட்டிருப்பேன். இந்த இரண்டு வரியையும் சத்தமாகத்தான் படித்தேன், இரண்டு தடவை படித்தேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் அதன் கடைசிப் பகுதி உனக்குத் தெரியாது. உன் பப்பாவுக்கு அந்தக் காலத்து வானிலை ஆபீஸில் பதினான்கு வருஷ உத்தியோகம். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "வானிலை" என்பார், தானே மேகங்களைக் கயிறு கட்டி இழுத்து வருகிறவர் மாதிரி. வானத்தை அவர் பார்த்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போகும்போது மட்டும்தான். கருவியைப் பார்த்து மற்றவர்கள் குறிக்கும் எண்களைப் பெரிய பதிவேட்டில் அழகாக நகல் எடுப்பதுதான் வேலை. எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் யாரையும் கேட்டதில்லை. 1963-இல் ஊருக்குத் திரும்பிய பிரெஞ்சுத் துரை தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பாரோமீட்டரை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அது அவருடைய அன்பு என்று உன் பப்பா சொல்வார், பெட்டியில் இடமில்லை என்று நான் சொல்வேன்.

அந்த வட்டக் கண்ணாடிக்குள் பிரெஞ்சில் எழுதியிருப்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். இடது கோடியில் புயல், அப்புறம் பெருமழை, மழை அல்லது காற்று, நடுவில் மாறக்கூடியது, வலது பக்கம் நல்ல வானிலை, கடைசியில் மிகுந்த வறட்சி. பிரான்சு தேசத்துச் சுவருக்காகச் செய்த சாமான். அங்கே காற்று ஒரு வாரம் கனத்துக் கிடக்கும், மறுவாரம் இளைத்துப் போகும், முள்ளும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடும். இங்கே நமக்குச் சூரியன் வருஷம் முழுக்கத் தலைக்கு மேலேயே நிற்கிறான், காற்றின் கனமும் ஏறக்குறைய ஒரே நிலைதான். ஆகையால் முள் "மாறக்கூடியது" என்ற எழுத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, ஒரு நகத்தின் அகலத்துக்குள்ளேயே முப்பத்துநாலு வருஷம் குடித்தனம் நடத்தியது. மார்ச் மாதம் வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் "நல்ல வானிலை"யை எட்டிப் பார்த்ததில்லை. அந்த நகத்தின் அகலத்தில்தான் உன் பப்பா தன் புகழைக் கட்டினார்.

75-இல் ஆட்சி மாறி ஆபீஸும் போய், உத்தியோகமும் போய், ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தாரே, அப்போதுதான் அந்த முள் தினமும் நாலு மணிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்குவதைக் கண்டார். முள் இறங்கினால் மழை என்று துரை சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நாலு அடித்ததும் கண்ணாடியில் இரண்டு தட்டு, தலையை ஆட்டுவது, வாசலுக்குப் போய்ச் சந்து முழுக்கக் கேட்கும்படி மழை வருகிறது என்று வியட்நாம் மொழியில் அறிவிப்பது. மே முதல் அக்டோபர் வரை சைகோனில் சாயங்காலம் மழை வரும் என்று சொல்லக் கருவி வேண்டாம், கழுத்துக்கு மேல் தலை இருந்தால் போதும். அதனால் வருஷத்தில் பாதி நாள் அவர் சொன்னது பலித்தது. மற்றப் பாதியில் மழை வராவிட்டால் "ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது" என்பார். பக்கத்து வீட்டில் நூடுல்ஸ் விற்கும் பா ஹாய் அவருக்கு ஓங் போன் யோ, அதாவது நாலு மணி ஐயா என்று பேர் வைத்தாள். காய்ந்த துணியை எடுப்பதற்கு அவளுக்கு நல்ல கடிகாரம் கிடைத்தது. அந்தப் பேர் நம் சந்து தாண்டி மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து படகுத்துறை வரைக்கும் போயிற்று. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் நீ பதினேழு வயதில் செய்த காரியம். 90-ஆம் வருஷம் மார்ச் மாதம், ஒரு துளி மழை இல்லாத மாதம், நீல அட்டை நோட்டில் முப்பத்தொரு நாள், விடிந்ததிலிருந்து நீ தூங்கப் போகும் வரை மணிக்கு மணி முள்ளைப் பார்த்து எழுதினாய். பத்து மணிக்கு ஏற்றம், நாலு மணிக்கு இறக்கம், முப்பத்தொரு நாளும் அப்படியே. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, "நாலு மணி இறக்கம் மழையின் அடையாளம் அல்ல, இது சூரியனால் தினமும் நடப்பது" என்று முடித்து, பார்வையாளர் என்ற இடத்தில் உன் பேரை எழுதி, அவர் மேஜையில் வைத்தாய். அவர் சிவப்பு மையை எடுத்து அதன் மேல் "தவறு" என்று பெரிதாக எழுதி, பெரிய அதிகாரி மாதிரி கையொப்பமும் வைத்தார். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் கருவியை வைத்து எனக்கே பாடமா என்று அவர் இரண்டு நாளும் நன்றாகச் சாப்பிட்டார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேனே, அதற்காக இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். மறு வருஷம் பிப்ரவரியில் விமான நிலையத்தில் நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர் வானத்தைப் பார்த்து, "நாலு மணிக்கு மழை வரும், சீக்கிரம் உள்ளே போ" என்றார். "வராது பப்பா" என்றாய். அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. பிப்ரவரியில் மழை எங்கிருந்து வரும்?

நீ எழுதி எழுதி இதெல்லாம் எனக்கே பாடமாகிவிட்டது. சூரியன் நிலத்தைச் சுடுகிறது, நிலம் தன் மேல் இருக்கும் காற்றைச் சுடுகிறது, சுட்ட காற்று லேசாகி மேலே போகிறது, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து ஈரக் காற்று ஓடி வருகிறது, அதுவும் ஏறி, மேலே குளிர்ந்து, சுமந்து வந்த தண்ணீரைப் பா ஹாயின் துணி மேல் கொட்டுகிறது, அது மழை. முள் இறங்குவது வேறு விஷயம். உயரத்தில் இருக்கும் காற்றை வெயில் தினமும் சூடாக்க, காற்று மண்டலம் முழுவதும் கடலின் ஏற்றவற்றம் போல ஒரு நாளைக்கு இரண்டு தடவை எழும்பித் தாழ்கிறது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அது தன் நேரத்தை விடாது. இரண்டுக்கும் சூரியன்தான் காரணம் என்பது உண்மைதான். ஒரே வேலைக்காரி இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள் என்பதற்காக அந்த இரண்டு வீடும் சம்பந்தி ஆகிவிடுமா என்று நான் உன் பப்பாவைக் கேட்டேன். அவர் கடிகாரத்துக்கு எண்ணெய் போட்டார்.

நடுவில் ஒரு குடும்பச் செய்தி, விட்டால் மறந்துவிடுவேன். காரைக்காலிலிருந்து உன் பொலேத் அத்தை எழுதியிருக்கிறாள், அங்கே கூடம் வரைக்கும் தண்ணீராம். காரைக்காலும் சைகோனும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன, இரண்டு ஊருக்கும் வெயில் ஒரே உயரத்தில் அடிக்கிறது என்று நீ பள்ளிக்கூட அட்லாஸில் நூல் பிடித்துக் காட்டினாயே, அப்படியிருந்தும் நமக்கு மழை விடுகிற மாதத்தில் அவர்களுக்குப் பிடிக்கிறது. வடக்கே குளிர்ந்து கனத்த காற்று தெற்கே இறங்கி வரும்போது காரைக்காலுக்கு வங்காள விரிகுடாவில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறது, நமக்கு மலையைத் தாண்டி வெறுங்கையோடு வருகிறது, இதுவும் நீ எழுதியதுதான். அதை அத்தைக்கு எழுதினேன். அவள் பதிலுக்கு, அண்ணனுக்கு நாலு மணிக்குத்தான் மழை, எங்களுக்கு இருபத்துநாலு மணியும் மழை, அவரை இங்கே அனுப்பி வை, ஒரு நாளும் தப்பாது என்று எழுதியிருக்கிறாள். நாத்தனாரோடு நான் ஒத்துப்போவது இதுதான் முதல் தடவை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இம்மாதம் முதல் தேதி சனிக்கிழமை, சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்குப் போய் வந்து, மறுநாள் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டிய மெழுகுவர்த்தியை நான் எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு உன் பப்பா பாரோமீட்டரைத் தட்டினார். பத்து மணிக்கும் அவர் தட்டுவது உண்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அன்றைக்கு இரண்டு தட்டினார், அப்புறம் நாலு தட்டினார், அப்புறம் கடிகாரம் நின்றுவிட்டதா பார் என்றார். அத்தனை எண்ணெய் குடித்த கடிகாரம் எங்கே நிற்கும்? உடனே நம் ஞானஸ்நானச் சீட்டெல்லாம் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தார். நீ அதைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, பத்து மணிக் கட்டத்தில் விரலை ஓட்டினார். உன் முப்பத்தொரு நாள் நோட்டில் புரட்டுவதற்கு இத்தனை பக்கம் எப்படி வந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. 759 இருக்க வேண்டும், 756 தான் இருக்கிறது, ஏறவே இல்லை என்றார். பிறகு மெதுவாக, "ஒடெட், இது மழை இல்ல" என்றார். எனக்கு மெழுகுவர்த்தி எண்ணிக்கை தப்பிப் போயிற்று. கடலில் புயல் இருப்பதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் புயல் என்றால் வடக்கே நடு வியட்நாமுக்குப் போகும், நம் பக்கம் வராது என்று ஊரே சொல்லிற்று. எனக்கு எண்ணிக்கை தப்பியது புயலுக்காக இல்லை. அந்த மனிதர் உன் பட்டியலைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டாரே என்றுதான்.

அடுத்த வார்த்தை, "குத்தூஸ் இன்னிக்குக் கிளம்புறான்" என்றார். உனக்குச் சின்ன வயதில் எள்ளு மிட்டாய் கொண்டு வருவாரே, அந்த அப்துல் குத்தூஸ் மாமாதான். காரைக்கால் ஜவுளிக் கடைக்காரர் மகன், கடை போன பிறகு ஒரு மரப் படகு வைத்துக்கொண்டு சோப்பும் துணியும் மருந்தும் கோன் டாவோ தீவுக்கு ஏற்றிப் போய்க் கருவாட்டோடு திரும்புகிறார். மத்தியானம் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போவார், விடிகாலையில் நடுக்கடலில் இருப்பார். உன் பப்பா பாரோமீட்டரைச் சுவரிலிருந்து கழற்றினார். வட்டமாக வெள்ளைத் தழும்பு தெரிந்தது. அதை என் புதுத் துண்டில் சுற்றினார், வீட்டில் வேறு துண்டே இல்லை பார். இந்த மனிதரைத் தனியாக அனுப்பினால் சிரித்தே கொன்றுவிடுவார்கள் என்று நானும் கிளம்பினேன். ஒரே சிக்லோ ரிக்ஷாவில் இரண்டு பேர், அவர் மடியில் பாரோமீட்டர், என் மடியில் உன் நோட்டு. கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் அப்படி ஒட்டி உட்கார்ந்து போனது அன்றைக்குத்தான்.

கான் ஹோய் துறையில் எங்களைப் பார்த்ததும் படகுக்காரர்கள் எல்லோரும் ஓங் போன் யோ, ஓங் போன் யோ என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். குத்தூஸ் மாமா, "என்ன முசே ஜெரார், இன்னிக்குக் கடிகாரம் முந்திப் போச்சா, உங்க மழைக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கே" என்றார். உன் பப்பா துண்டை விலக்கி முள்ளைக் காட்டினார். மூன்று மில்லிமீட்டர் யார் கண்ணுக்குத் தெரியும்? "இது எப்பவும் இங்கனதானே நிக்கும்" என்றார் அவர், அது நியாயம்தான். உன் பப்பா அதட்டினார், பிரெஞ்சில் அதட்டினார், ஆபீஸ் சட்டமெல்லாம் சொன்னார், நான் உத்தரவு போடுகிறேன் என்றார். என்ன உத்தரவு, எந்த ஆபீஸ்? பக்கத்துப் படகில் இருந்த ஒருவர் இரக்கப்பட்டு அவருக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். குத்தூஸ் மாமா கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அப்போது உன் பப்பா அங்கே இருந்த சோப்புப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார், ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்: "குத்தூஸு, இருபத்திரண்டு வருஷமா நாலு மணிக்கு நான் சொன்னது அத்தனையும் தப்பு. முள்ளு தினமும் இறங்கும், அதுக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்ல. என் மக கண்டுபிடிச்சா, பதினேழு வயசுல. நான் அவ நோட்டுல தவறுன்னு எழுதினேன். தவறு நான்தான். அவ பட்டியல்படி பத்து மணிக்கு முள்ளு ஏறணும். இன்னிக்கு ஏறல. போகாதடா."

குத்தூஸ் மாமா கயிறும் கையுமாக அப்படியே நின்றார். பிறகு கயிற்றை இரண்டு சுற்றுக் கூடுதலாகக் கட்டினார். சாயங்காலமே படகை வாய்க்காலுக்குள் கொண்டுபோய்விட்டார். பின்னால் என்னிடம் சொன்னார், "மதாம், நான் முள்ளப் பாத்து நிக்கல. எனக்கு அதுல ஒண்ணும் வெளங்கல. முசே ஜெரார் வாயால தப்புன்னு வந்துச்சே, அப்பவே எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு, என்னமோ பெருசா வருதுன்னு." துலூஸில் உன் வானிலை ஆபீஸில் உங்களுக்குப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிறதாமே, புயலுக்கு இந்த அடையாளத்தையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்.

மறுநாள் ஞாயிறு நாங்கள் கல்லறைக்குப் போகவில்லை, மெழுகுவர்த்தியை வீட்டுக்குள்ளேயே ஏற்றினோம். புயலின் பலமெல்லாம் தெற்கேதான், நமக்கு வால் பகுதிதான் என்றார்கள். அந்த வாலே பின்கட்டுத் தகரத்தையும் இரண்டு கோழியையும் கொண்டுபோயிற்று. நாலு மணிக்கு முள் 752. "மழை அல்லது காற்று" என்று எழுதியிருக்கிற இடத்தை நோக்கி அது போனதும் அன்றுதான், மழையும் காற்றும் சேர்ந்து வந்ததும் அன்றுதான். முப்பத்துநாலு வருஷத்தில் அந்தக் கருவி எழுத்தில் உள்ளபடி சொன்ன முதல் உண்மை அது. உன் பப்பா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கு மணி எழுதிக்கொண்டிருந்தார், வாசலுக்குப் போகவில்லை, அறிவிக்கவும் இல்லை. சனிக்கிழமை அந்தத் துறையிலிருந்து இரண்டு படகுகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போயின. ஒன்று ஐந்தாம் நாள் வெறும் பலகையாகக் கரை ஒதுங்கியது. மற்றது இன்னும் வரவில்லை. சிகரெட் கொடுத்தவர் அதில்தான் போனார். உன் பப்பா அந்தச் சிகரெட்டைப் பிடிக்கவில்லை, பாரோமீட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறார். இதில் நான் கேலி செய்ய ஒன்றும் இல்லை மகளே, இரண்டு நாள் அழுதேன்.

திங்கட்கிழமை காலை அவர் குத்தூஸ் மாமாவின் படகைப் பார்க்கப் போனபோது நான் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். திருட்டுத்தனம்தான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உன் முப்பத்தொரு நாள் முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், நீ விமானம் ஏறிய மறுநாள் தேதி போட்டு ஆரம்பிக்கிறது. காலை பத்து, மாலை நாலு, ஒரு நாள் விடாமல் ஆறு வருஷம் ஒன்பது மாதம். எனக்கு அம்மை போட்டிருந்த வாரம்கூட இருக்கிறது, எனக்குக் கஞ்சி கொடுத்த நேரம்தான் இல்லை. அந்த நோட்டு தீர்ந்து, இன்னும் மூன்று நோட்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார். பார்வையாளர் என்ற கட்டத்தில் தினமும் ஒரே வாசகம்: "ஏவ்லினுக்குப் பதிலாக, ஜெ." இது என்ன என்று சாயங்காலம் கேட்டேன், இனி எதற்கு ஒளிக்க வேண்டும்? ஆபீஸில் ஒருவர் விடுப்பில் போனால் அவர் இடத்தில் எழுதுகிறவர் அப்படித்தான் எழுத வேண்டும், அது விதி என்றார். சரி, பத்து மணிக்கும் நாலு மணிக்கும் வீட்டுக்குள்ளே அவள் பேரில் உண்மையை எழுதிவிட்டு, அடுத்த நிமிஷம் வாசலில் போய்ப் பொய்யைக் கத்தினீர்களே, ஏன் என்றேன். "பா ஹாய் துணி எடுக்கணுமே" என்றார். இந்தப் பதிலோடு நான் எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் ஆபீஸில் பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாதாம். பழைய எழுத்து படிக்கும்படியாக ஒரே கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையொப்பமும் தேதியும் வைக்க வேண்டும். உன் கடைசிப் பக்கத்தில் சிவப்பில் இருந்த "தவறு" மேல் இப்போது ஒரு கோடு இருக்கிறது, அளவுகோல் வைத்துப் போட்டது. மேலே "சரி" என்று இருக்கிறது. பக்கத்தில் முழுப் பேரில் கையொப்பம், 3-11-97. அந்தப் பக்கத்தைக் கிழித்து உனக்கு அனுப்பலாம் என்றேன். பதிவேடு வெளியே போகக் கூடாது என்றார். அப்படியானால் ஒரு வரி எழுதுங்கள், அவள் அதைத்தான் கேட்கிறாள் என்று தினமும் ஒரு தாளைக் கொடுக்கிறேன். பதினொரு தாள் வீணாகிவிட்டது, எல்லாவற்றிலும் "அன்புள்ள ஏவ்லின்" மட்டும் முத்து முத்தாக இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. பதினான்கு வருஷம் அடுத்தவர் சொன்னதை நகல் எடுத்த கை, சொந்தமாக எழுது என்றால் எங்கே போகும்? பாரோமீட்டர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நாலு மணிக்கு இப்போது வாசலில் சத்தம் இல்லை. பா ஹாய் போன வியாழக்கிழமை துணியைப் பனியில் விட்டுவிட்டு, ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிக்க வந்தாள்.

இவ்வளவுதான் செய்தி. வந்துவிடு என்று நான் கெஞ்ச மாட்டேன், நீ அவருடைய மகள்தானே, கெஞ்சினால் இன்னும் முறுக்கிக்கொள்வாய். நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன், நீயே எடுத்து எடை போட்டுப் பார். ஆனால் எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. பாலாடைக்கட்டியை ரொட்டியில் வைத்துத் தின்பது சாப்பாடு ஆகாது. ஊருக்கெல்லாம் மழை சொல்லும் நீ குடையை ரயிலில் விட்டதாக எழுதியிருந்தாய், புதுக்குடை வாங்கு. வருவதானால் நீல மை ஒரு புட்டி கொண்டு வா, இங்கே கிடைப்பது தாளில் ஊறுகிறது, அவர் நோட்டுக்கு ஆகவில்லை. சேசுநாதர் உன்னைக் காப்பாராக, மரியன்னை உன் கூடவே இருப்பாளாக, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

மணி மூன்றரை ஆகிறது, நான் மாலைப் பூசைக்குக் கிளம்புகிறேன். கடிதத்தை ஒட்டாமல் பாரோமீட்டருக்குக் கீழே மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறேன், அடியில் நாலு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன், பக்கத்தில் பேனாவும் இருக்கிறது. திரும்பி வந்ததும் அடியில் என்ன இருக்கிறது, இல்லை என்று பார்க்காமலே ஒட்டிவிடுவேன். இதை நீ நம்பினால், வானத்தைப் படித்த அளவு நீ உன் தாயைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் மம்மா
ஒடெட்


16-11-97. மாலை 4 மணி. 756.5. முள் இறங்கியது. மழை இல்லை.
பார்வையாளர் நீண்ட விடுப்பில் இருக்கிறார். டிசம்பரில் பணிக்குத் திரும்பும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

ஏவ்லினுக்குப் பதிலாக,
ஜெரார், பப்பா